கோபிநத்தத்துப் பெண் குற்றவியல் படிக்கக் கடன் வாங்கலாமா?

மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கி, பாலாற்றுப் பக்கம் பிரிந்து, காட்டுக்குள் போகும் சாலையின் கடைசியில் இருக்கிறது கோபிநத்தம். பழைய மைசூர் மாவட்டத்து ஊர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம் என்று இரண்டு மொழிகளில் வாழும் ஊர். மே மாதம் அங்கே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். வழவழப்பான கல்லூரி விளம்பரத் தாள். பூதக்கண்ணாடி, பெரிதாக ஒரு கைரேகை, காக்கி உடுப்பில் சிரிக்கும் ஒரு பெண். ‘குற்றவியல், தடயவியல், சைபர் பாதுகாப்பு’ என்று மூன்று பெயர்களும் ஒரே பட்டத்தின் தலையில் ஏறியிருந்தன.

தாளின் பின்பக்கத்தில் சேர்க்கை ஏஜென்ட் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்: வருடக் கட்டணம் 85,000. விடுதி 48,000. மூன்று வருடத்துக்கு நான்கு லட்சம். அதற்குக் கீழே, ‘லோன் நாங்களே ஏற்பாடு’.

“பாப்பா பியூசி பாஸ் பண்ணிடுச்சு சார். இத படிச்சா எஸ்.ஐ. ஆயிடுமா?”

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இருக்கும் கனம் வேறு ஊரில் இருக்காது. ஆனாலும் அதற்குப் பதில் சொல்லக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

நான்கு லட்சத்தை மூன்று தவணைகளாக, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வங்கி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது விதி. இதைப் பலர் ‘வட்டி இல்லாத காலம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. தனிவட்டியாகப் போட்டாலே, நான்காம் ஆண்டின் முடிவில் கடன் 5 லட்சத்து 20 ஆயிரம் ஆகிவிடும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 6,870 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் எட்டேகால் லட்சம். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் மாதத்துக்கு சுமார் 5,590 ஆகக் குறையும், மொத்தமோ பத்து லட்சத்தைத் தாண்டும். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது முப்பத்தேழு இருக்கும்.

இந்தக் கணக்கைக் கடையில் கிடைத்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். அவர் எட்டேகால் லட்சத்தைப் பார்க்கவில்லை. 6,870ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். மாதா மாதம் ஒரு தொகை என்று வரும்போதுதான் கூலிக்காரக் குடும்பத்துக்குக் கடனின் உருவம் தெரிகிறது.

அடுத்தது வருமானம். உதவி ஆய்வாளர் வேலைக்குக் குற்றவியல் பட்டம் தேவையில்லை. கர்நாடகத்திலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கன்னட இலக்கியம் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் குற்றவியல் படித்தவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே தேர்வை எழுதி, ஒரே மைதானத்தில் ஓட வேண்டும். தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளரின் அடிப்படை ஊதியம் 36,900இல் தொடங்குகிறது. படி எல்லாம் சேர்ந்தால் நல்ல சம்பளம். மாதத் தவணை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சம்பளம் குற்றவியல் பட்டம் தரும் சம்பளம் இல்லை. தேர்வு தரும் சம்பளம். அதற்காக நான்கு லட்சம் கடன் வாங்குவது, எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவுக்குத் தனியாகச் சாவி செய்து வாங்குவது போன்றது.

அந்தத் தேர்வும் எப்போது வரும், எப்படி முடியும்? கர்நாடகத்தில் 545 உதவி ஆய்வாளர் இடங்களுக்கு 2021 அக்டோபரில் தேர்வு நடந்தது. விடைத்தாள் முறைகேடு வெளியே வந்து, 2022 ஏப்ரலில் அந்தத் தேர்வே ரத்தானது. மறுதேர்வு நடந்தது 2024 ஜனவரியில். நேர்மையாக எழுதிய பிள்ளைகளுக்கு இரண்டேகால் ஆண்டு வீண். அதில் எத்தனை பேர் கல்விக் கடனோடு காத்திருந்தார்களோ, அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் முடிந்து தவணை தொடங்கியிருக்கும். தேர்வு ரத்தானதற்காக எந்த வங்கியும் வட்டியை ரத்து செய்யாது. 2016இல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்டார். வேலை கிடைக்காத பட்டத்தின் கடன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேட வேண்டியதில்லை.

காவல் துறையை விட்டுவிட்டு, குற்றவியல் படித்தவர் தன் படிப்பை உண்மையாகவே பயன்படுத்தும் வேலைகளைப் பார்ப்போம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அப்படி ஓர் இடம். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவன் ஒருவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வந்தால், அவன் வீடு, பள்ளி, கூட்டாளிகள், அவன் அந்தக் காரியத்தைச் செய்ததன் பின்னணி எல்லாவற்றையும் விசாரித்து இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குற்றவியலின் உயிர்நாடி அந்த அறிக்கைதான். ஒரு பிள்ளை சிறைப் பாதையில் போவதா, பள்ளிக்குத் திரும்புவதா என்பது அதில் எழுதப்படும் நான்கு பக்கங்களில் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இந்த அலகின் பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய். சமூகப் பணியாளருக்கு 18,536. களப்பணியாளருக்கு 10,592. எல்லாமே ஒப்பந்தத் தொகுப்பூதியம். அறிவிப்பைப் பார்த்தால் சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்று கேட்டிருப்பார்கள். குற்றவியல் அந்தப் பட்டியலில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது.

18,536இல் 6,870 போனால் மீதி 11,666. விடுதி வாடகை, சாப்பாடு, பேருந்து, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். 10,592 என்றால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வங்கிக்கு. அந்தப் பணியாளர்தான் அடுத்த தெருவில் கடன் தொல்லையால் வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தையை மீட்கப் போக வேண்டும்.

பட்டம், கடன், வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் சட்டமாகவே வந்தது. 2014இல் அங்கே கொண்டுவந்த விதியின் அளவுகோல்களில் ஒன்று, தொழிற்படிப்பு முடித்தவரின் ஆண்டுக் கடன் தவணை அவர் ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. அந்த விதிக்குக் காரணமான கதைகளில் குற்றவியல் படிப்பும் உண்டு. வெஸ்ட்வுட் என்ற லாப நோக்கக் கல்லூரி, சிகாகோ பகுதியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் ‘குற்றவியல் நீதி’ பட்டத்தைக் காவல் வேலைக்கான பாதை என்று சொல்லி விற்றது. படித்து முடித்த பிறகுதான், அந்த மாநிலத்தின் பல காவல் துறைகள் அந்தக் கல்லூரியின் அங்கீகாரத்தையே ஏற்பதில்லை என்று தெரிந்தது. 2012இல் இல்லினாய் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 2016இல் கல்லூரி மூடப்பட்டது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கல்வித் துறை அங்கே படித்த 79,000 பேரின் 150 கோடி டாலர் கடனை ரத்து செய்வதாக அறிவித்தது. பத்தாண்டு தாமதம். அதற்குள் எத்தனையோ பேர் இளமையைத் தவணையாகக் கட்டி முடித்திருந்தார்கள்.

அந்த 8 சதவீதத்தை கோபிநத்தத்துக் கணக்குக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 6,870 தவணை நியாயமாக இருக்க வேண்டுமானால் சம்பளம் சுமார் 86,000 இருக்க வேண்டும். குற்றவியல் இளநிலை முடித்த யாருக்கும் தொடக்கத்தில் அப்படி ஒரு சம்பளம் இந்த நாட்டில் இல்லை.

அப்படியானால் இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா? வேறு ஊராக இருந்தால் ஒருவேளை அப்படிச் சொல்லியிருப்பேன்.

1952இல் வீரப்பன் பிறந்த ஊர் இது. அவர் பெயருக்குப் பின்னால் இந்த ஊர் பட்டதெல்லாம் வெளியே பாதிதான் தெரியும். 1991 நவம்பரில் வன அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். அவர் இங்கேயே தங்கி, மருந்தகம் நடத்தி, மாரியம்மன் கோயில் எழும்பத் துணை நின்று, காட்டுக் கும்பலிலிருந்தவர்களைப் பேசியே வெளியே கொண்டுவர முடியும் என்று நம்பியவர். அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் அவர் படத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். குற்றவியல் வகுப்பில் மறுவாழ்வு என்று கற்பிக்கப்படுவதை அந்தப் பாடம் படிக்காமலே செய்து பார்த்த மனிதர் அவர். 1993 ஏப்ரல் 9இல் பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு தடா சட்டத்தில் மலையோர ஊர்களின் ஆண்களும் பெண்களும் நூறு பேருக்கு மேல் ஆண்டுக்கணக்கில் மைசூர் சிறையில் கிடந்தார்கள். 2001இல் மைசூர் சிறப்பு நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரை விடுவித்தது. ஆயுள் தண்டனை பெற்ற நால்வருக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2014 ஜனவரியில், கருணை மனுவின் மீது முடிவெடுக்க ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி அதே நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது.

வீரப்பனைத் தேடிய கூட்டு அதிரடிப் படையின் அத்துமீறல்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. பாதிக்கப்பட்டவர்களை அந்தக் குழு நேரில் கேட்டது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது ஆணையம். அந்த 89 பேர் பட்டியலில் இடம்பிடிக்கத் தேவைப்பட்டது என்ன? சாட்சி, மருத்துவச் சான்று, தேதி, ஒருவர் சொன்னதைத் திரிக்காமல் எழுதிக்கொள்ளும் பொறுமை. குற்றவியலில் இதற்கென்றே ஒரு கிளை இருக்கிறது: பாதிக்கப்பட்டோரியல். குற்றம் செய்தவனை விட்டு, குற்றத்தால் அடிபட்டவரின் பக்கமிருந்து நீதியைப் பார்க்கும் படிப்பு. அதை இந்தியாவில் வளர்த்தெடுத்தவர்களில் முன்னோடியாக நின்றது சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை, குறிப்பாகப் பேராசிரியர் கு. சொக்கலிங்கம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அந்தப் பாதையில் வந்ததுதான்.

கோபிநத்தத்தில் பிறந்து, தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த ஒரு பெண் இந்தப் படிப்பைப் படித்தால், இரண்டு மாநிலக் காவல் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் அவளைப் போன்ற ஆள் கிடைப்பது அரிது. சந்தேகத்தின் பெயரில் ஓர் ஊர் முழுவதும் குற்றவாளி ஆக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை அவள் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. ஆகவே என் முடிவு இதுதான்: படிப்பு வேண்டும், இந்தக் கடன் வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்த விளம்பரத் தாள் மறைக்கிறது.

அது இன்னொன்றையும் மறைக்கிறது. குற்றவியலும் தடய அறிவியலும் வேறு வேறு. தடய அறிவியல் ஆய்வக வேலைக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் அடிப்படை வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அந்தத் துறையில் ஆட்கள் தேவைப்படுவார்கள் என்பது உண்மை. ஆனால் பியூசியில் கலைப் பிரிவு படித்த பெண்ணிடம் அந்தத் தேவையைக் காட்டி குற்றவியல் இடத்தை விற்பது ஏமாற்று.

கடன் என்று வரும்போது அரசின் கைத்தாங்கலும் இந்த இடத்தில் சறுக்குகிறது. நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது, நல்லது. ஆனால் பெற்றோர் வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை அரசே ஏற்கும் திட்டம் தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. குற்றவியல் இளநிலை அதற்குள் வருவது கடினம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டம் தரவரிசையில் உயர்ந்த கல்வி நிறுவனங்களுக்கானது, தொடக்கத்தில் 860. ஏஜென்ட் வைத்துப் பிள்ளை பிடிக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்காது. பிறகு என்ன நடக்கும்? அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். அதைக் கல்விக் கடன் என்று எந்தப் புள்ளிவிவரமும் எண்ணாது.

எல்லையோரப் பிள்ளைக்கு இன்னொரு இடி. தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்க, தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கோபிநத்தத்துப் பெண் தமிழ்ப் பெண்தான், ஆனால் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிக்கு வந்துவிட்டால், கர்நாடகம் தரக்கூடியதும் கை நழுவிப் போகும். அங்கே பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் விடுதி உண்டு. இடம் கிடைக்காதவருக்கு வித்யாசிரி திட்டத்தில் மாத உதவித்தொகை உண்டு. 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மைசூர் மகாராஜா கல்லூரியில் குற்றவியலும் தடய அறிவியலும் இளநிலைப் பாடமாகவே இருக்கிறது. அது அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி, ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தொகையோடு ஒப்பிடக்கூட முடியாத கட்டணம். மலை ஏறி இறங்கி மைசூர் போய்ச் சேரும் தூரம் பெரிதுதான். ஆனால் அந்தத் தூரத்துக்கு வட்டி இல்லை.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். இளநிலையில் சமூகவியலோ உளவியலோ குற்றவியலோடு சேர்ந்து வருகிற அரசுக் கல்லூரி. அதன் பிறகும் பெண்ணுக்கு ஆசை நிலைத்திருந்தால் சென்னையிலோ நெல்லையிலோ முதுநிலைக் குற்றவியல். நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாக இருக்கிறது. ஆய்வு உதவித்தொகையோடு அதில் தேறினால் மாதம் 37,000. அது எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் சொன்னேன். உதவி ஆய்வாளர் ஆசை இருந்தால் இளநிலைக் காலத்திலேயே ஓட்டமும் பொது அறிவும். எதிலும் கடன் வேண்டாம்.

ஆனால் ஒரு குடும்பம் சாமர்த்தியமாகத் தப்பிப்பதோடு இது முடிந்துவிடக் கூடாது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் சுமார் 5.73 லட்சம் பேர். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் சட்டம் 1958லேயே வந்துவிட்டது. அதைச் செயல்படுத்த நன்னடத்தை அலுவலர் வேண்டும். சிறைக்குள் போய் ஜாமீன் கட்ட ஆளில்லாதவரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1990இல் தொடங்கிய ‘பிரயாஸ்’ பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைச் சிறைகளுக்குள்ளும் காவல் நிலையங்களுக்குள்ளும் அனுப்பி இதைச் செய்துகாட்டியது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்து பதினைந்தாண்டுக்கு மேல் ஆகிறது. இழப்பீடு கேட்கும் மனுவை எழுதிக் கொடுக்கக் காவல் நிலையத்தில் யார் இருக்கிறார்கள்?

சென்னைப் பல்கலைக்கழகமும் நெல்லையும் தார்வாடும் மைசூரும் ஆண்டுதோறும் குற்றவியல் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 1959இல் சாகர் பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் குற்றவியல், தடய அறிவியல் துறை தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது ஆண்டுக்கு மேல். இத்தனை காலம் ஒரு படிப்பை நடத்திவிட்டு, அந்தப் படிப்புக்கென்று நிரந்தரப் பணியிடங்களை உருவாக்காமல் இருப்பது அரசு மாணவர்களுக்குச் செய்யும் வாக்குத் தவறல். நன்னடத்தை அலுவலர், சிறை நல அலுவலர், பாதிக்கப்பட்டோர் உதவியாளர் ஆகிய பணிகளுக்கான தகுதியில் குற்றவியலை இரு மாநில அரசுகளும் தெளிவாக எழுத வேண்டும். உதவி ஆய்வாளர் தேர்வில் அந்தப் பட்டத்துக்குச் சிறிதளவாவது மதிப்பெண் தர வேண்டும். ஒப்பந்த ஊதியம் 10,592 என்று இருக்கும் வரை, குற்றத்தால் அழிந்த ஊர்களிலிருந்து யாரும் இந்த வேலைக்கு வர முடியாது. வசதியுள்ளவர்கள்தான் வருவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு பாலாற்றங்கரை மொழி தெரியும்?

அதுவரை, பட்டத்தின் பெயரில் கடன் ஏற்பாடு செய்து தரும் கல்லூரிகள், முந்தைய மூன்றாண்டு மாணவர்கள் எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதை விளம்பரத்தின் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயமாக்கலாம். ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்று அச்சடிக்க இடமிருந்தால் இதற்கும் இடம் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவர் போன் செய்தார். பெண்ணை மைசூரில் விண்ணப்பம் போட வைத்திருக்கிறார். விடுதிக்கும் எழுதிப் போட்டாயிற்று. வருமானச் சான்றிதழுக்கு ஹனூர் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நடை போய்வந்திருக்கிறார், இன்னும் ஒரு நடை பாக்கி. ஏஜென்ட் தினமும் கூப்பிடுகிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால் முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஐயாயிரம் தள்ளுபடி என்கிறாராம்.